ஆபரேஷன் தியேட்டர் நாட்குறிப்பு: ஊசிமுனையும் இடது ஆள்காட்டி விரலும்

ஜூன் 3
கையுறை இரண்டு அடுக்கு. உள்ளே போடுவது அரை அளவு பெரிதாக இருந்தால் விரல் மரத்துப்போகாது: உள்ளே 8, வெளியே 7.5. உள்ளுறை பச்சையாக இருந்தால், வெளியுறை ஓட்டையாகி ஈரம் புகுந்த இடம் கருத்துத் தெரியும். இரண்டடுக்கும் ஊசியைத் தடுக்காது. ஆனால் தையல் ஊசிக்கு உள்துளை கிடையாது. ரத்தம் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும், கையுறையைக் கடக்கும்போது பெரும்பகுதி துடைபட்டுவிடும். சிரிஞ்சு ஊசியில் இந்தச் சலுகை இல்லை.

ஜூன் 5
வயிற்றை மூடும் நேரம்தான் ஆபத்து. பெரிய வேலை முடிந்துவிட்டதென்று எல்லோரும் தளர்ந்திருப்பார்கள். ஃபேசியாவை (தசையைப் போர்த்தியிருக்கும் உறுதியான படலம்) இடது கை விரலால் தூக்கிப் பிடித்துத் தைத்தால், முனை வெளிவரும் இடத்தில் விரல் தயாராகக் காத்திருக்கும். வலது கைக்காரர்களுக்கு அதிகம் குத்துப்படுவது இடது ஆள்காட்டி விரல்தான். திசுவை ஃபோர்செப்ஸால் (இடுக்கி) பிடிக்க வேண்டும். வெளிவந்த முனையையும் அதனாலேயே. ஃபேசியாவுக்கும் தசைக்கும் மழுங்கிய முனை ஊசி போதும். சற்றுக் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும், அதைத்தான் குறை சொல்வார்கள். தோலுக்கு அது ஏறாது, அங்கே ஸ்டேப்ளர். முடிச்சுக்கு முன் ஊசியை வெட்டி எடுத்துவிட வேண்டும். நூலில் தொங்கி ஆடும் ஊசி யாரை வேண்டுமானாலும் குத்தும்.

ஜூன் 9
கத்தியும் ஊசியும் கைக்குக் கை போகக் கூடாது. நடுவில் ஒரு கிட்னி டிரே (சிறுநீரக வடிவத் தட்டு). ஒருவர் வைத்து, “ஷார்ப்” என்று சொல்லிக் கையை எடுத்த பிறகே மற்றவர் எடுக்க வேண்டும். டிரேயில் ஒரு நேரத்தில் ஒரே பொருள். ரத்தம் பீறிடும்போது இந்த ஒழுங்குதான் முதலில் கைவிடப்படுகிறது.

ஜூன் 10
பவர் கண்ணாடி கண்ணுக்குக் காப்பு அல்ல, பக்கவாட்டில் திறந்தே கிடக்கிறது. எலும்பு அறுக்கும்போது முழு முகத் தடுப்பு வேண்டும்.

ஜூன் 14
குத்திவிட்டால்: கருவியை வைத்துவிட்டு விலகி, கையுறையைக் கழற்றி, சோப்பும் ஓடும் நீரும். பிதுக்க வேண்டாம், ப்ளீச் வேண்டாம். எச்ஐவி தொற்றியவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம். தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் சி-க்கு அப்படித் தடுப்பு மருந்து இல்லை, பரிசோதித்துக் கண்டுபிடித்துக் குணப்படுத்துவதுதான். ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு, தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம் வரை. மூன்று தடுப்பூசியும் போட்டாயிற்று என்று நிறுத்திவிடுகிறார்கள். கடைசி ஊசிக்குப் பிறகு 1 முதல் 2 மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் வந்ததா என்று பார்ப்பவர்கள் குறைவு.