வேர் முடியாத பல்லில் கூழ் செத்துவிட்டால்

மேல் முன்பல் ஏழெட்டு வயதில் முளைக்கும். வேர்நுனி மூட அதன்பிறகும் ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். அதற்குள் குழந்தை விழுந்து அடிபட்டு பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்திசு) செத்தால், வேர் வளர்வது அங்கேயே நின்றுவிடும். சுவர் மெலிசு, நுனி புனல் மாதிரி திறந்தே கிடக்கும்.

அவசரப்பட்டு பல்லைத் திறக்கவேண்டாம். அடிபட்ட பல் குளிர்ச் சோதனைக்கு மூன்று மாதம்வரைகூட பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு தேறலாம். சீழ், ஈறில் கொப்புளம், எக்ஸ்ரேயில் நுனியைச் சுற்றிக் கருநிழல், பக்கத்துப் பல்லின் வேர் நீண்டிருக்க இது மட்டும் நீளாமல் நிற்பது: கூழ் செத்ததற்கு இவைதான் சாட்சி.

வேருக்குள் இரத்தத்தை வரவழைத்து, அங்கே திசு மீண்டும் வளரவிடுவதே சிகிச்சை; இரண்டு வருகையில் முடியும். முதல் நாள் ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் விரிப்பு) கட்டி, கிருமி கொல்லும் 1.5% சோடியம் ஹைப்போகுளோரைட் 20 மில்லி விட்டு, ஐந்து நிமிடம் கழுவவேண்டும். ஃபைல் (அரம் போன்ற மெல்லிய ஊசிக் கருவி) போட்டுச் சுரண்டக்கூடாது. இருக்கிற சுவரே கொஞ்சம். மருந்து விடும் ஊசி பக்கவாட்டில் துளையுள்ளதாக, நுனிக்கு 1 மி.மீ. முன்னால் நிற்கவேண்டும். திறந்த நுனி வழியாக மருந்து வெளியேறினால் முகமே வீங்கிவிடும். பிறகு சலைன் விட்டுக் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, ஒன்று முதல் நான்கு வாரம் மூடிவைக்கலாம். மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த பேஸ்ட் பல்லைக் கருக்கவைக்கும், முன்பல்லுக்கு வேண்டாம்.

இரண்டாம் வருகையில் எல்லாம் இரத்தத்தில்தான் இருக்கிறது. அட்ரினலின் கலந்த மரப்பூசி போட்டால் இரத்தம் சரியாக வராது. அட்ரினலின் இல்லாத 3% மெபிவகெய்ன் ஊசி போதும். 17% ஈடிடிஏ (கால்சியத்தைக் கரைக்கும் திரவம்) 20 மில்லி விட்டுக் கழுவினால், டென்டினில் (பல்லின் உட்சுவர்) அடைபட்ட வளர்ச்சிக் காரணிகள் வெளிவரும். பேப்பர் பாயின்ட் என்ற காகிதக் குச்சியால் ஈரத்தை ஒற்றியபின், முனை வளைத்த கே-ஃபைலை நுனிக்கு 2 மி.மீ. அப்பால் விட்டுச் சுழற்றுங்கள். செந்நிறம் மெல்ல மேலேறும். பல்கழுத்துக்கு 3 மி.மீ. கீழே அதை நிறுத்தி, உறையும்வரை காத்திருங்கள். உறையாத இரத்தத்தின்மேல் எம்டிஏ என்ற பல் சிமென்டை வைத்தால் அது உள்ளே அமிழ்ந்துவிடும். அடியில் கொலாஜன் துண்டு வைத்தால் தாங்கும். பிஸ்மத் உள்ள எம்டிஏவும் பல்லின் நிறத்தை மாற்றும்; அதைவிட பயோடென்டின் என்ற சிமென்ட் நல்லது. சிமென்டின்மேல் கிளாஸ் அயனோமர், காம்போசிட் என்ற அடைப்புகள் வைத்து மூடலாம்.

6, 12, 24 மாதங்களில் எக்ஸ்ரே. நிழல் பெரும்பாலும் மறையும். சுவர் தடிப்பதும் வேர் நீள்வதும் எல்லாப் பல்லிலும் நடக்காது. இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஆறாவிட்டால் நுனியில் 4 மி.மீ. எம்டிஏ அடைப்பு வைக்கலாம். கால்சியம் ஹைட்ராக்சைடை மாதக்கணக்கில் மாற்றிமாற்றி வைக்கும் பழைய முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன்: நுனி மூடும், ஆனால் டென்டின் பலமிழந்து, அடுத்த சின்ன அடியிலேயே பல் கழுத்தோடு முறியலாம்.