நெட் பார்ட் சி: எண்டோசைட்டோசிஸையும் ஆக்டினையும் சேர்த்துப் படித்த கதை

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் லைஃப் சயின்சஸுக்குப் படிக்கிறவர்கள் எண்டோசைட்டோசிஸை (செல் தன் சவ்வை உள்ளே மடித்து வெளிப்பொருளை எடுத்துக்கொள்வது) ஒரு தனித் தலைப்பாகவும் சைட்டோஸ்கெலிட்டனை (ஆக்டின் போன்ற புரத இழைகளால் ஆன செல்லின் சட்டகம்) இன்னொரு தலைப்பாகவும் முடித்துவிடுவதுதான் வழக்கம். தேர்வின் கடைசிப் பகுதியான பார்ட் சி-யில் இரண்டையும் கோர்த்துக் கேட்டால் அங்கேதான் சிக்கல். கேள்விக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 போய்விடும், அதனால் குத்துமதிப்பாகப் போட முடியாது.

எனக்குக் கைகொடுத்தது ஒரே வேலை. பட்டியலை மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு புரதமும் எந்தப் பகுதியால் சவ்வைப் பிடிக்கிறது, எந்தப் பகுதியால் ஆக்டின் பக்கம் போகிறது என்று மட்டும் நோட்டில் எழுதினேன். சின்டாபின் என்ற புரதத்தை எடுங்கள்: அதன் எஃப்-பார் டொமைன் (டொமைன் என்றால் புரதத்தின் ஒரு தனிப் பகுதி) வளைந்த சவ்வில் ஒட்டும், எஸ்ஹெச்3 டொமைன் டைனமினையும் (உள்ளே மடிந்த சவ்வுப் பையைக் கத்தரித்துவிடும் புரதம்) என்-வாஸ்ப்பையும் பிடிக்கும். என்-வாஸ்ப் ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டைத் தூண்டும், அது பழைய ஆக்டின் இழையின் மேல் ஏறத்தாழ 70 டிகிரியில் புதுக் கிளையைத் தொடங்கி வைக்கும். ஹிப்1ஆர் என்ற புரதம் இன்னும் நேரடி, ஒரு முனை சவ்வின் பிஐபி2 என்ற லிப்பிடில், மறுமுனை ஆக்டின் இழையில், நடுப்பகுதி கிளாத்ரினின் (உள்ளே மடியும் சவ்வைக் கூடைபோல் மூடும் புரதம்) லைட் செயினில். ஈஸ்ட்டில் இதே வேலையைச் செய்வது எஸ்எல்ஏ2.

அப்புறம் 'இதை எடுத்துவிட்டால்?' என்று கேட்டுப் பாருங்கள். பார்ட் சி-க்கு உயிரே இதுதான். எஸ்எல்ஏ2 இல்லாத ஈஸ்ட்டில் ஆக்டின் வளர்வது நிற்காது, சவ்வோடு கோர்க்க ஆள் இல்லாததால் வால் வாலாக நீண்டுகொண்டே போகும், சவ்வு மட்டும் உள்ளே வராது. லாட்ரன்குலின் என்ற மருந்தைப் போட்டால் ஆக்டினே சேராது, கோட் புரதங்கள் (கிளாத்ரின் போலச் சவ்வை மூடுபவை) வந்து உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கும். கைமோகிராப் படம் (ஒரு புள்ளி நேரத்தோடு எப்படி நகர்கிறது என்று காட்டுவது) கொடுத்தால் வைல்டு டைப்பின் (மாற்றம் இல்லாத இயல்பான ஈஸ்ட்டின்) கோடு கடைசியில் உள்பக்கம் வளையும், லாட்ரன்குலின் போட்டதில் நேராகவே ஓடும்.

சரி, பாலூட்டிச் செல்லில் லாட்ரன்குலின் போட்டாலும் பல நேரம் கிளாத்ரின் வழி உள்ளெடுப்பு நடக்கிறதே, அது எப்படி? விடை சவ்வின் இழுவிசையில் இருக்கிறது. ஈஸ்ட்டுக்குள் டர்கர் அழுத்தம் (உள்ளே இருக்கும் நீர் சவ்வை வெளிப்பக்கம் தள்ளும் அழுத்தம்) அதிகம், அதை எதிர்த்துச் சவ்வை உள்ளே தள்ள ஆக்டின் வேண்டும். பாலூட்டிச் செல்லையும் ஹைப்போடானிக் கரைசலில் (செல்லுக்குள் இருப்பதைவிட உப்புச் செறிவு குறைந்த கரைசல்) வீங்க வைத்து இழுவிசையைக் கூட்டினால் அதற்கும் ஆக்டின் தேவைப்படுகிறது என்று 2011-இல் செல் உயிரியலாளர் கிர்ச்ஹவுசனின் குழு காட்டியது. அதனால் 'ஆக்டின் கட்டாயமா?' என்ற மாதிரி ஆப்ஷன் வந்தால், டிக் அடிக்கும் முன் எந்தச் செல், எந்தக் கரைசல் என்று கேள்வியை மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள்.