இடமும் காலமும் கருவியும்

கொள்ளைத் திட்டத்தை மையமாக வைத்த படங்களும், நேர்த்தியாக எடுக்கப்பட்ட சண்டைப் படங்களும் எனக்கு இளவயது முதலே பிடிக்கும். கறுப்புக் கண்ணாடியும் மடிப்புக் கலையாத கோட்டும் பின்னணி இசையும் முதல் பார்வையில் ஈர்ப்பது உண்மைதான். ஆனால் திரையரங்கை விட்டு வெளியே வந்து பல நாள் ஆன பிறகும் நினைவில் நிற்பது, ஒரு கடினமான வேலையை அதில் தேர்ந்தவர்கள் பதறாமல் செய்து முடிக்கும் விதமே.

இந்த ரசனை மேல்நாட்டுப் படங்கள் பழக்கிவிட்டது என்று சொல்பவர்கள் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் படிக்க வேண்டும். கோவலனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று காவலர் தயங்கும்போது, பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் எடுத்துச் சொல்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. அதோடு நில்லாமல் ஒரு கதையும் சொல்கிறான். பகலில் தூதன் வேடத்தில் வாயிலில் இருந்த கள்வன் ஒருவன், இரவில் பெண் வேடத்தில் அரண்மனைக்குள் புகுந்து, விளக்கின் நிழலிலேயே நடந்து சென்று, உறங்கும் இளவரசனின் தோளிலிருந்த வயிர ஆரத்தைக் கவர்கிறான். விழித்துக்கொண்ட இளவரசன் உடைவாளை உருவ, கள்வன் அதன் உறையைப் பற்றிக்கொண்டு, வாள் வீசப்படும் ஒவ்வொரு முறையும் அதை உறைக்குள்ளேயே வாங்கிவிடுகிறான். வாளால் ஆகாதென்று மற்போருக்கு நெருங்கியவனுக்கு மணித்தூணைத் தானெனக் காட்டிவிட்டு மறைகிறான். வேடம், ஒளியும் நிழலும், ஒரே ஒரு கருவியை எதிர்பாராத விதத்தில் பயன்படுத்தும் சண்டை, கடைசியில் ஒரு கண்கட்டு என இன்றைய திரைக்கதை ஆசிரியர் தேடும் அனைத்தும் சில அடிகளுக்குள் அடங்கியிருக்கின்றன. இந்தக் கதையைச் சொல்பவனே உண்மையான திருடன் என்பதும், கேட்டவர்கள் அதன் அழகில் மயங்கி ஒரு நிரபராதியைக் கொல்லத் துணிகிறார்கள் என்பதும் எனக்கு ஒவ்வொரு முறையும் நடுக்கத்தைத் தரும்.

அந்த எட்டில் முதல் நான்கையும் விட்டுவிடலாம். நல்ல கொள்ளைப் படம் கடைசி மூன்றின் மேல்தான் நிற்கிறது. எந்த இடம், எவ்வளவு நேரம், கையில் என்ன கருவி என்ற மூன்றையும் இயக்குநர் நமக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டால், நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறோம். ஜூல்ஸ் தாசன் பாரிசில் எடுத்த 'ரிஃபிஃபி' (1955) படத்தின் கொள்ளைக் காட்சி கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓடுகிறது. அதில் வசனமும் இல்லை, இசையும் இல்லை. நகைக்கடையின் மேல்மாடியில் தரையைத் துளைப்பவர்கள், முதல் ஓட்டை விழுந்ததும் அதன் வழியே மடக்கிய குடை ஒன்றை இறக்கி, கீழே விரித்துவிடுகிறார்கள். மேலிருந்து உதிரும் காரைத் துண்டுகள் தரையில் விழுந்து ஓசை எழுப்பாமல் குடைக்குள் சேர்கின்றன. அபாய மணிக்குள் தீயணைப்பான் நுரையைச் செலுத்தி அதை ஊமையாக்குகிறார்கள். மழைக்குப் பிடிக்கும் சாதாரணக் குடை இவ்வளவு மூச்சைப் பிடித்து வைக்குமா என்று வியந்திருக்கிறேன். அந்தக் குடைதான் நான் ஸ்டைல் என்று கருதுவது.

என் தாய்மாமா கோலாலம்பூரின் அலுவலகக் கட்டடங்களில் மின்தூக்கிப் பராமரிப்பு வேலை பார்த்தவர். கதாநாயகனின் புகழ் பாடும் காட்சிகளில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர், யாராவது ஒரு பூட்டையோ கம்பியையோ தொட்டதும் நிமிர்ந்து உட்காருவார். 'மிஷன் இம்பாசிபிள்' (1996) படத்தில் டாம் குரூஸ் கயிற்றில் தொங்கியபடி, தரையைத் தொடாமலும் சத்தம் எழுப்பாமலும் அறையின் வெப்பம் உயராமலும் கணினியை இயக்கும் காட்சி வந்தபோது, "கயித்தப் பிடிக்கிறவனப் பாருடா தம்பி, அவன்தான் வேலை தெரிஞ்சவன்" என்றார். அன்றிலிருந்து நானும் கயிறு பிடிப்பவர்களைக் கவனித்துப் பார்க்கிறேன்.

சண்டைக் காட்சிக்கும் இதே அளவுகோல்தான். யார் எங்கே நிற்கிறார், கதவு எந்தப் பக்கம், விழுந்தால் எவ்வளவு ஆழம் என்பது தெரியாமல் நொடிக்கொரு வெட்டாகக் காட்சிகளை அடுக்கினால் எனக்குத் தலைவலிதான் மிஞ்சுகிறது. நம் மலேசியாவிலேயே படமான 'போலீஸ் ஸ்டோரி 3' (1992) இதற்கு நல்ல பாடம். ஜாக்கி சான் ஹெலிகாப்டரின் கயிற்றேணியில் தொங்கியபடி கோலாலம்பூருக்கு மேலே பறக்கிறார். ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ ஓடும் ரயிலின் மேல் மோட்டார் சைக்கிளோடு பாய்கிறார். கேமரா பின்வாங்கி நின்று முழு உடலையும் முழு ஊரையும் காட்டுகிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் எழும்புவதற்கு முந்தைய கோலாலம்பூரை அந்தக் காட்சியில் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

தமிழில் இந்த மெருகை மலேசியாவோடு சேர்த்தே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அஜித் நடித்து விஷ்ணுவர்தன் இயக்கிய 'பில்லா' (2007) இங்கே படமாக்கப்பட்டது. 2006-ல் திறக்கப்பட்ட பத்துமலையின் 140 அடி முருகன் சிலை, நாம் தைப்பூசத்துக்கு நடந்து போகும் அந்த வாசல், அகன்ற திரையில் வேறொரு கம்பீரத்தோடு தெரிந்தது. இருந்தாலும் அந்தப் படத்தின் அழகு பெரும்பாலும் நடையிலும் உடையிலும் நின்றுவிடுகிறது என்பதே என் கருத்து. திட்டமும் துரோகமும் பின்னிக்கொள்ளும் 'மங்காத்தா' (2011) இந்த வகையில் ஒரு படி மேல்.

'என்ட்ராப்மென்ட்' (1999) எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை. இரட்டைக் கோபுரத்தையே கொள்ளைக் களமாக்கியவர்கள், வேறு ஊரான மலாக்காவின் ஆற்றங்கரைக் குடிசைகளைக் கோபுரத்தோடு ஒட்டிக் காட்டினார்கள். இங்கே எழுந்த எதிர்ப்பு நாட்டின் மானம் பற்றியது. என் வருத்தம் அதோடு வேறொன்றும். இடத்தைப் பொய்யாக்கிய கொள்ளைப் படத்தில் எனக்கு எதுவும் ஒட்டுவதில்லை. உண்மையான இடமே அவர்களுக்கு எவ்வளவோ கொடுத்திருக்கும். 41, 42-ஆம் மாடிகளை இணைக்கும் அந்த வான்பாலம் தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோபுரங்கள் காற்றில் தனித்தனியே அசைவதால், பாலத்தை அவற்றோடு இறுகப் பிணைக்காமல் நகர்ந்துகொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த அசைவைக் கணக்கில் எடுத்துத் திட்டம் போடும் ஒரு பாத்திரத்தை எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

ஆகவே என் ஆசையெல்லாம், இந்த ஊரை அறிந்த மலேசியத் தமிழ் இயக்குநர் ஒருவர் இங்கேயே ஒரு கொள்ளைப் படம் எடுக்க வேண்டும் என்பதுதான். களம் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தின் நகைக்கடைத் தெருவாக இருக்கட்டும், கூட்டாளிகள் கூடுமிடம் லெபோ அம்பாங் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய பழைய கிட்டங்கியாக இருக்கட்டும். தப்பிக்கும் வழிக்கு 2007-ல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் இருக்கிறது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வாகனப் பாதை. கனமழை பெய்து ஆறு பெருகினால் வாகனங்களை வெளியேற்றிவிட்டு, வெள்ளத்தையே அதன் வழியே திருப்பிவிடுவார்கள். மதிய வானம் கறுப்பதைப் பார்த்தே மழை எப்போது கொட்டும் என்று சொல்லிவிடும் ஊர்க்காரர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தால் போதும். கடைசி வாகனம் வெளியேறுவதற்கும் மதகு திறப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில் முழு உச்சக்காட்சியையும் எடுத்துவிடலாம்.