பன்னிரண்டு வோல்ட்டின் வரவு செலவு

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் காலை, செல்ப் பட்டனை அழுத்தியதும் என் வண்டி ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் எழுப்பிவிட்டு அடங்கிப்போனது. சாவியைத் திருப்பியபோது பளிச்சென்று எரிந்த நியூட்ரல் விளக்கு, பட்டனை அழுத்திய கணத்தில் அணையப்போகும் கங்குபோல் மங்கி, விரலை எடுத்ததும் மறுபடி பளிச்சிட்டது. கிக்கர் இல்லாத வண்டி என்பதால், எதிர்வீட்டுப் பையன் பின்னாலிருந்து தள்ள, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டேன். நான்கடி உருள்வதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து சேரன்மகாதேவிப் பக்கம் நான் கணக்கு எழுதும் அரிசி ஆலை வரை, ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஒரு திக்கலும் இல்லாமல் ஓடியது. மாலையில் ஆலை வாசலில் பட்டனை அழுத்தியபோது, காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது.

இந்த வண்டிக்கு ஒரு பூர்வகதை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்தப் பெருமழையில், தாமிரபரணி கரையை மீறி எங்கள் தெருவுக்குள்ளும் வந்தபோது, வாசலில் நின்ற வண்டி பெட்ரோல் டேங்க் வரை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. வெள்ளம் வடிந்த பிறகு எஞ்சின் ஆயிலை மூன்று முறை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, புதுப் பேட்டரி போட்டு, தை மாதத்திற்குள் ஓடவிட்டோம். அதன்பின் பத்து மாதம் எந்தத் தொல்லையும் இல்லாததால், வெள்ளத்தின் கணக்கு அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், பட்டனை அழுத்தி நியூட்ரல் விளக்கு மங்குவதைப் பார்த்த உடனே, “அண்ணாச்சி, லைட்டு எப்படிச் செத்துப்போகுது பாத்தீங்களா? பேட்டரிதான்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விளக்கு மங்கினால் பேட்டரியில் சரக்கு இல்லை என்பது பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும் அனுமானம். பேட்டரி கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கே சுமை கொடுத்துச் சோதிக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரி நன்றாக இருக்கிறது, மாற்றத் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கும் மெக்கானிக்குக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவர் தம்மிடம் இருந்த வேறொரு பேட்டரியை மாட்டிப் பட்டனை அழுத்தினார். எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆனது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அன்றே புதுப் பேட்டரி வாங்கினேன். நான்காம் நாள் காலை மறுபடி ‘டக்’.

பழைய பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டும்போது, பேட்டரி மட்டும் மாறுவதில்லை என்பது அப்போது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. முனைகளின் திருகுகள் தளர்ந்து மறுபடி இறுகுகின்றன. வயர்கள் வளைந்து நிமிர்கின்றன. சரியாகத் தொடாமல் இருந்த இடம் ஏதாவது இருந்தால், அந்த அசைவிலேயே தற்காலிகமாகச் சரியாகிவிடுகிறது. தவறான முடிவுக்கு இப்படிச் சரியான சாட்சி கிடைத்துவிட்டால், அதன்பின் கை பர்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. அடுத்து, செல்ப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான செல்ப் ரிலேயை மாற்றினோம். அதற்கடுத்து செல்ப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ்களைப் பார்த்தோம். தேயவில்லை, ஆனாலும் மாற்றினோம். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் வண்டி இரண்டு நாள், மூன்று நாள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது.

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் சித்தப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் இதையெல்லாம் சொல்லி, நானே ஒரு மல்டிமீட்டர் வாங்கி அளந்து பார்த்ததாகவும், பேட்டரியில் 12.7 வோல்ட் இருக்கிறது, வயர்களை எல்லாம் ‘பீப்’ சத்தம் வைத்துச் சோதித்துவிட்டேன், எதுவும் அறுந்திருக்கவில்லை என்றும் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். “சும்மா கெடக்கும்போது அளந்து என்னத்துக்குடே? பட்டனை அமுக்கிக்கிட்டு அள. கரண்டு ஓடும்போதுதான் வயரோட யோக்கியதை தெரியும்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. மீட்டரின் ‘பீப்’ சோதனைக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும். தடித்த வயருக்குள் நூறு இழைகளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது சத்தம் எழுப்பிவிடும். செல்ப் மோட்டாரோ சுழலத் தொடங்கும்போது பல பத்து ஆம்பியர் கேட்பது. அந்த ஓர் இழையால் நியூட்ரல் விளக்கை எரிக்க முடியும், ஸ்பார்க் கொடுக்க முடியும், ஓடும் வண்டியின் முகப்பு விளக்கையும் ஓரளவு சமாளிக்க முடியும்; மோட்டாரைச் சுழற்ற மட்டும் முடியாது. தள்ளி ஸ்டார்ட் செய்தால் வண்டி குறையின்றி ஓடியதன் பொருளும் இதுதான்: பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரியாக இருக்கின்றன, அதிக மின்னோட்டம் போகவேண்டிய பாதை மட்டும் எங்கோ நெரிந்து கிடக்கிறது. (என்னுடையது 2018இல் வாங்கிய கார்புரேட்டர் வண்டி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் பரவலான எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும் என்பதால், பேட்டரி முற்றிலும் தீர்ந்துபோனால் அவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது பெரும்பாலும் வீண்வேலை.)

கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பிடித்தமான விதி ஒன்று மின்னியலில் உண்டு. தாமிரபரணியின் மேல் நிற்கும் நம் சுலோசனா முதலியார் பாலம் திறக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1845இல், பிரஷ்யாவில் அப்போது மாணவராக இருந்த கிர்க்காஃப் வகுத்தது அது. ஒரு மூடிய சுற்றில் மூலம் தரும் வோல்ட் அனைத்தும் அந்தச் சுற்றுக்குள்ளேயே செலவாகித் தீரவேண்டும். ஒரு பைசா மிஞ்சவும் கூடாது, ஒரு பைசா குறையவும் கூடாது. பேட்டரி தருவது வரவு. மோட்டாரில் செலவாவது நியாயமான செலவு. போகும் வழியில் நேர்முனை வயரிலும் ரிலேயிலும், திரும்பும் வழியில் எர்த் வயரிலும் செலவாவது தரகு. போகும் வழியில் தரகு அரை வோல்ட்டுக்குள் இருக்கலாம். திரும்பும் எர்த் வயரில் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த இடத்தில் தரகு கொழுத்திருக்கிறது என்று பார்ப்பதற்கு, பட்டனை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் போதும். எந்த வயரையும் கழற்ற வேண்டியதில்லை. கழற்றாமல் அளப்பதுதான் முக்கியம், ஏனெனில் கழற்றினால் கோளாறு மறுபடி ஒளிந்துகொள்ளும்.

மறுநாள் காலை வண்டி ‘டக்’ என்று சொல்லும் வரை காத்திருந்து, சொன்ன பிறகு சீட்டைக் கழற்றி, மகளைப் பட்டனை அழுத்தச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மூன்று விநாடிக்கு மேல் அழுத்தக் கூடாது, நடுவில் ஒரு நிமிடம் விட வேண்டும் என்பது நிபந்தனை. சுழலாத மோட்டாருக்குள் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருந்தால் அதன் சுருள் கருகிவிடும். முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தேன். 12.7 ஆக இருந்தது 12.1க்கு இறங்கி அங்கேயே நின்றது. பேட்டரி உண்மையில் செத்திருந்தால் இந்த இடத்தில் பத்து வோல்ட்டுக்குக் கீழே சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. நியூட்ரல் விளக்கு கங்காக மங்கிக் கிடக்கும் அதே கணத்தில் பேட்டரி 12.1 வோல்ட்டோடு திடமாக நிற்பதைக் கண்ணால் பார்த்தபோது, இரண்டு வாரமாக நானும் மெக்கானிக்கும் விளக்கிடம் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது விளங்கியது.

அடுத்து பேட்டரியின் நேர்முனைக்கும் மோட்டாரின் முனைத் திருகுக்கும் இடையே வைத்தேன்: 0.3. வயர், ரிலே எல்லாம் சேர்ந்து வாங்கும் தரகு இவ்வளவே. மோட்டாரின் திருகுக்கும் அதன் உடலுக்கும் இடையே: 4.7. பன்னிரண்டு வோல்ட் சாப்பிட வேண்டியவனுக்கு அரை வயிற்றுக் கஞ்சிகூட இல்லை. மீதி எங்கே என்று பார்க்க ஒரே இடம்தான் பாக்கி. எஞ்சின் உடலில் ஒரு முனையையும் பேட்டரியின் எதிர்முனையில் மறுமுனையையும் வைத்தபோது மீட்டர் 7.1 காட்டியது. 0.3, 4.7, 7.1 ஆகியவற்றைக் கூட்டினால் 12.1. ஐந்தொகை தட்டாமல் நேரானது. மார்ச் மாதக் கடைசியில் இரவு பதினொரு மணிக்கு ஆலைக் கணக்கு நேராகும்போது வரும் அதே நிம்மதி, வாசற்படியில் குந்தியிருந்த எனக்கு அப்போது வந்தது.

விளக்கு ஏன் மங்கியது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. இந்த வண்டியில் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து புறப்படும் ஒரே தடித்த வயர்தான் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் எர்த். விளக்குகளின் மின்சாரமும் அதன் வழியாகவே திரும்புகிறது. அந்த வயரில் 7 வோல்ட் தடைபட்டு நிற்கும்போது, வண்டியின் உடல் முழுவதும் பேட்டரியின் எதிர்முனையைவிட 7 வோல்ட் மேலே ஏறிவிடுகிறது. விளக்குக்குக் கிடைப்பது 5 வோல்ட். பேட்டரியில் குறை எதுவும் இல்லை. விளக்கு நிற்கும் தரைதான் மேலே வந்துவிட்டது.

இன்னொன்றையும் அன்றே கவனித்தேன். நாலைந்து முறை பட்டனை அழுத்திய பின், எஞ்சின் பக்கம் அந்த வயரின் நுனியில் திருகுக்காக நசுக்கிப் பொருத்திய உலோக வளையமான லக்கைத் தொட்டால் கை சுட்டது. மோட்டார் 50 ஆம்பியர் இழுத்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், 7.1 வோல்ட்டோடு பெருக்க 355 வாட் வருகிறது; 35 வாட் முகப்பு விளக்குகள் பத்து எரியும் சூடு, கட்டைவிரல் அளவு இடத்தில். தடை எவ்வளவு என்று பார்த்தால் 0.14 ஓம்தான். என் மீட்டரின் சொந்த வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. ஓம் அளவில் வைத்து இதை நான் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது.

வயரின் வெளித்தோற்றத்தில் ஒரு பழுதும் தெரியவில்லை. கறுப்பு உறை புதிதுபோல இருந்தது. லக்கிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி வெட்டி உறையை உரித்தேன். லக் நசுக்கிப் பிடித்திருந்த இடத்தில் செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. மேலே போகப்போகக் கறுத்து, ஓர் அங்குலத்துக்கு அப்பால்தான் செம்பின் நிறம் தெரிந்தது. வெள்ளத்தில் ஊறிய அந்த ஒரு நாளில், லக்கின் வாய் வழியே புகுந்த தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கிடையே ஏறி உறைக்குள் தங்கிவிட்டிருக்கிறது. ஆற்றுநீர் மட்டும் என்றாலும் பரவாயில்லை. சாக்கடையும் உப்பும் கலந்த நீர் அது. வெளியே காற்றுப் பட்ட இடமெல்லாம் காய்ந்தது, உள்ளே காயவில்லை.

என் ஆச்சி வாரந்தோறும் புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடத்தின் களிம்பேதான் இது. செம்பில் களிம்பு என்பது சைவ சித்தாந்தத்தில் உயிரோடு என்றும் ஒட்டியிருக்கும் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை. செம்பு உள்ளபோதே களிம்பும் உடன் உள்ளது, இடையில் வந்ததல்ல என்பார்கள். என் வண்டியின் களிம்புக்கு அவ்வளவு பழைமை இல்லை, தேதி சொல்லிவிடலாம்.

பிறகு நடந்தது சிறிய வேலை. பழைய வயரைக் கொண்டுபோய்க் காட்டி அதே தடிமனில் புது வயர், இரு முனையிலும் லக் நசுக்கி வாங்கினேன். லக்கின் வாயைச் சூடுபட்டால் சுருங்கும் குழாய் போட்டு அடைத்தேன். எஞ்சினில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு உலோகம் மின்னும் வரை தேய்த்து, திருகை இறுக்கிய பின் மேலே வாஸ்லைன் பூசினேன். பேட்டரியில் கை வைக்கும் முன் எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதையே கடைசியாக மாட்ட வேண்டும் என்பதைத் தெரிந்தவர்களும் மறப்பதுண்டு. நேர்முனையைத் திருகும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

பட்டனை அழுத்தினேன். மோட்டார் சுழன்று எஞ்சின் பிடித்த பிறகு, நிறுத்திவிட்டு மறுபடி மீட்டரோடு அளந்தேன். இந்த முறை பேட்டரி 11.2 வரை இறங்கியது. கோளாறாக இருந்த நாளில் 12.1ல் நின்றது, சரியான நாளில் அதைவிடக் கீழே போகிறது. பேட்டரி இப்போதுதான் முதுகு வளைத்து வேலை செய்கிறது. எர்த் வயரில் செலவு 0.1. எஞ்சினை முறுக்கியபோது சார்ஜ் 14.2 வோல்ட்டில் நின்றது.

வெட்டிய துண்டை மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் அதை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, பட்டறையின் மூலையில் அதே வெள்ளத்தில் மூழ்கி வந்த இன்னொரு வண்டியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேட்டரிகளில் பழையது அவரிடமே, அதுபோன்ற வண்டிகளைச் சோதிக்க இருக்கிறது. நேர்முனைப் பக்கம் அன்று 0.3 வோல்ட் போனது. வரம்புக்குள்தான் என்றாலும், ரிலேக்குப் போகும் வயரும் அதே தண்ணீரில் கிடந்ததுதானே; அடுத்த மழைக்கு முன் அதன் உறையையும் உரித்துப் பார்க்கவேண்டும் என்று டைரியில் பாக்கியாக எழுதி வைத்திருக்கிறேன்.