கடல் தாண்டும் ரயில்: ரோமிலிருந்து சிராகுசா வரை

ரோமிலிருந்து இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவுக்கு விமானத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். நாங்கள் இரவு ரயிலில் போனோம். அப்பாவுக்காகத்தான். திருச்சி ரயில் யார்டில் ஷண்டிங் வேலை, அதாவது பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்து நகர்த்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பயணிகளோடு ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடல் கடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை.

வெனிஸிலிருந்து ரோம் வரை ஃப்ரெச்சாரோஸா அதிவேக ரயிலில் வந்தோம். மணிக்கு 300 கிலோமீட்டர் வரை பறக்கும் வண்டி. ஆனால் போலோனாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் இடையே பெரும்பகுதி சுரங்கம். ஜன்னலுக்கு வேலையே இல்லை.

ரோமின் தெர்மினி நிலையத்தில் ஏறிய இன்டர்சிட்டி நோட்டே என்ற இரவு ரயிலில் நான்கு படுக்கைகள் கொண்ட அறை எங்கள் நால்வருக்கும் கச்சிதமாக அமைந்தது. மகளும் என் கணவரும் மேலே, அப்பாவும் நானும் கீழே. விடியும் வேளையில், சிசிலிக்கு எதிர்க்கரையிலுள்ள வில்லா சான் ஜொவானி துறைமுகத்தில் வண்டி நின்றது. அப்பா எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார். வெளியே புஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம்.

"பிரேக் ஹோஸைக் கழற்றிவிட்டான். இனி கப்ளிங்கைத் தளர்த்துவான் பாரம்மா" என்றார். கப்ளிங் என்றால் பெட்டிகளை இணைக்கும் கொக்கி. சொல்லி வைத்தாற்போல் இரும்பு கணகணத்தது. கொஞ்ச நேரத்தில் வண்டி முன்னும் பின்னும் நகர்ந்து, பகுதி பகுதியாகக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளப்பட்டது. எத்தனை மெதுவாக! பெட்டி முனைகளில் அதிர்வு தாங்கும் பஃபர் இடித்தது கூடத் தெரியவில்லை. "நல்ல கை" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அந்தப் பாராட்டு எளிதில் வராது.

இறங்கி நடக்கலாம். கப்பல் தளத்திலேயே தண்டவாளங்கள் பதிந்திருக்கின்றன. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அப்பா குனிந்து பார்த்தார்: எண்ணெய் படிந்த திருகுக் கப்ளிங், இருபுறமும் பஃபர். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்த பெட்டிகளில் அவர் ஆயுள் முழுக்கக் கையாண்ட அதே வகை. மகளைக் கூப்பிட்டு, திருகை எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும் என்று காட்டினார். தனுஷ்கோடியில் போட் மெயில் பயணிகள் ரயிலை விட்டு இறங்கித்தான் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள் என்றும், 1964 புயலோடு அந்தத் தடம் போய்விட்டது என்றும் படியேறும்போது சொல்லிக்கொண்டே வந்தார்.

மேல்தளத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. இத்தாலியின் கரைக்கும் சிசிலிக்கும் இடையிலான மெஸ்ஸினா ஜலசந்தி மிகக் குறுகிய இடத்தில் சுமார் 3 கிலோமீட்டர்தான். கடப்பதற்குச் சுமார் அரை மணி நேரம்தான்; பெட்டிகளை ஏற்றவும் இறக்கவும்தான் நேரம் பிடிக்கிறது. மெஸ்ஸினா துறைமுக வாயிலில் உயர்ந்த தூணின் மேல் மாதா சிலை பொன்னிறமாக நின்றது. 1908 டிசம்பர் 28 நிலநடுக்கத்தில் தரைமட்டமான நகரம் அது. திரும்ப எழுப்பியபோது கட்டிடங்களைத் தாழ்வாகவும் தெருக்களை அகலமாகவும் அமைத்தார்கள்.

கப்பலின் சிற்றுண்டிக் கடையில் அரான்சினோ வாங்கினோம். சாதத்தை உருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது. இறைச்சி சேர்த்ததுதான் பிரபலம். சைவம் சாப்பிடுவோர் கீரையும் சீஸும் வைத்ததைக் கேட்டு வாங்கலாம். பல நாள் பாஸ்தாவுக்குப் பிறகு சாதத்தைக் கண்டதும் அப்பா இன்னொன்று கேட்டார்.

மெஸ்ஸினாவில் ரயில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி பலெர்மோவுக்கு, மறு பாதி தீவின் கிழக்குக் கரையிலுள்ள சிராகுசாவுக்கு. சிராகுசா செல்பவர்கள் இடப்புறம் உட்கார்ந்தால் அயோனியன் கடல், வலப்புறம் எட்னா எரிமலை. தாவொர்மினா தாண்டியதும் எரிமலை முழுதாகத் தெரிந்தது, உச்சியில் மெல்லிய புகையோடு.

ஜலசந்திக்குக் குறுக்கே இரு கோபுரங்களுக்கு நடுவே 3,300 மீட்டர் நீளும் தொங்குபாலம் கட்டத் திட்டம் வைத்திருக்கிறார்கள். பாலம் வந்தால் நேரம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்கள் அதற்கு முன்பே ஒருமுறை இந்த வழியில் போய்வர வேண்டும் என்பது என் ஆசை. கீழ்ப்படுக்கை கேட்டு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். திரும்பும்போது பகல்நேர இன்டர்சிட்டியில் வாருங்கள். அதுவும் கப்பலில்தான் ஏறுகிறது. நாங்கள் அப்படித்தான் வந்தோம். வெயிலில் ஷண்டிங் முழுவதையும் அப்பா நின்றுகொண்டே பார்த்தார்.