நோட்டீஸ் எழுதும் முன் கல்லாப் பக்கம் நில்லுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தால் கையில் ஏழெட்டு பிட் நோட்டீஸ் சேர்ந்துவிடும். கடைப் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். "தரமான சேவை, நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்." ஜவுளிக் கடையா, பல் டாக்டரா, டியூஷன் சென்டரா? சொல்ல முடியாது.

எழுதியவர் கடைக்குள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வாங்க வருகிறவரோ வாசலில் நின்று, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடுகிறதோ, அதற்குப் பதில்தான் நோட்டீஸின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கல்லாப் பக்கத்தில் 40 பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று, பத்து நாள் பொறுமை. உள்ளே வருகிறவர், போனில் கேட்கிறவர், வாங்காமல் திரும்பிப் போகிறவர் சொல்கிற முதல் கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்தாதீர்கள். "டெலிவரி தாமதம் பற்றிய கவலை" என்று எழுதினால் நோட்டு வீண். "சொன்ன தேதிக்குத் தருவியாக்கா, போன வாட்டி வேற கடையில அலைய வுட்டுட்டாங்க" என்று எழுதினால் பாதி விளம்பரம் முடிந்தது.

பக்கத்தில் மூன்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேட்டவர் யார் (பெண், 40 வயது இருக்கும், கூட மகள்), எந்த நேரம், வாங்கினாரா இல்லையா. கடைசிக் கட்டம்தான் முக்கியம். வாங்காமல் போனவர் கேட்ட கேள்விக்குத்தான் உங்கள் நோட்டீஸில் பதில் இல்லை. குறைந்தது 30 கேள்வி சேரும்வரை எழுத உட்காராதீர்கள். பத்துப் பன்னிரண்டோடு நிறுத்தினால், நேற்று சத்தம் போட்ட ஒருவருக்காகவே மொத்த நோட்டீஸையும் எழுதிவிடுவீர்கள்.

ரவிக்கை தைக்கும் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே நோட்டு போட்டால் தேறுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: என்றைக்குத் தருவீங்க, அளவு ரவிக்கை தொலைஞ்சிடாதே, மீதித் துணி வருமா, லைனிங்குக்குத் தனி ரேட்டா, கை டைட்டா இருந்தா பிரிச்சுத் தருவீங்களா. "தரமா தைப்பீங்களா" என்று யாரும் கேட்க மாட்டார்கள். தரம் என்ற சொல் கடைக்காரருடையது. வாடிக்கையாளர் அதையே "அக்குள்ல இழுக்கக் கூடாது" என்பார்.

இப்போது ஒரே மாதிரியான கேள்விகளைக் குவியலாகப் பிரியுங்கள். எது பெரிய குவியலோ அது தலைப்பு. அடுத்த இரண்டு குவியல், உள்ளே இரண்டு வரி. மீதியை விட்டுவிடுங்கள், அவற்றுக்குக் கடையில் வாயால் பதில் சொன்னால் போதும். தேதிதான் பெரிய குவியல் என்றால் நோட்டீஸ் இப்படி வரும்:

"வியாழக்கிழமை கொடுங்கள், அடுத்த வியாழன் மாலை 6 மணிக்கு ரவிக்கை தயார். ஒரு நாள் தாண்டினாலும் தையல் கூலியில் பாதிதான் வாங்குவோம். அளவு ரவிக்கைக்கு நம்பர் போட்ட சீட்டு உண்டு. மீதித் துணியை ரவிக்கையோடு சேர்த்தே கட்டித் தருகிறோம்."

நாலு வரி. லட்சியம் எதுவும் இல்லை. ஆனால் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மிஷின் பக்கம் போய்க் கணக்குப் பாருங்கள். இரண்டு மிஷின், நாளைக்கு மொத்தம் எட்டு ரவிக்கை, வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் 48. கல்யாண சீசனில் வாரம் 70 வந்தால் இந்த வாக்குறுதி உங்களையே கடிக்கும். "வாரம் முதல் 45 ரவிக்கைக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வெறும் கவர்ச்சிக்காகப் போடும் எண்ணிக்கை வேறு, இது வேறு. இதற்குப் பின்னால் நிஜக் கணக்கு இருக்கிறது, கேட்டால் காட்டவும் முடியும்.

படிப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர், துட்டு கொடுப்பவர் மூன்றாமவர் என்றும் சில தொழில்களில் இருக்கும். டியூஷன் சென்டர் நோட்டீஸை மாணவனைப் பார்த்து "உன் கனவை நனவாக்கு" என்று எழுதுகிறார்கள். அவன் அதில் ராக்கெட் மடிப்பான். முடிவெடுப்பது அம்மா. அவர் கேட்பது: எத்தனை மணிக்கு விடுவீங்க, பொம்பளப் புள்ளைங்களுக்குத் தனி பேட்ச் இருக்கா, லீவு போட்டா எங்களுக்குப் போன் வருமா. "இரவு 8 மணிக்கு வகுப்பு முடியும். பிள்ளை வராத நாளில் 15 நிமிஷத்துக்குள் வீட்டுக்குப் போன் செய்வோம்" என்ற இரண்டு வரி, நூறு சதவீதத் தேர்ச்சி என்று நட்சத்திரம் போட்டு அச்சடிப்பதைவிட நன்றாக வேலை செய்யும். அப்பாவுக்கு ஒரு வரி போதும்: கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டலாம்.

யார் என்று தெரிந்த பிறகு, எப்போது என்று பார்க்க வேண்டும். வடசென்னையில் எல்லார் கைக்கும் ஒரே நாளில் பணம் வருவதில்லை. சென்னையைப் பொதுவாக நினைத்து 1-ஆம் தேதி விளம்பரம் போடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, லோகோ பணிமனை பக்கம் மாதச் சம்பளக் குடும்பங்கள். அதோடு ஆயுத பூஜையை ஒட்டி ரயில்வே போனஸ், பல வருடங்களாக 78 நாள் சம்பளக் கணக்கில். ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின் விற்பவர் அந்தப் பக்கம் நோட்டீஸ் போட வேண்டியது அந்த வாரம். மணலி, எண்ணூர் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் 7-ஆம் தேதி, 10-ஆம் தேதி என்று தள்ளி வரும். மூட்டை தூக்குகிறவர், கொத்து வேலைக்காரர் கையில் சனிக்கிழமை சாயங்காலம்தான் காசு. அவரிடம் "மாதம் 899 மட்டும்" என்றால் மலைப்பார். "வாரம் 225, நாலு வாரம்" என்று எழுதுங்கள். ஒரு ரூபாய் கூடத்தான், ஆனால் அவர் கணக்குப் போடுகிற முறை அதுதான். தண்டல் கடனும் சீட்டும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன.

காசிமேட்டுக்குத் தனிக் காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வரவு சுருங்கும். அந்தச் சமயத்தில் டி.வி. ஆஃபர் என்று மைக் கட்டி ஆட்டோ விட்டால் டீசல் காசுகூடத் திரும்பாது. ஆனால் அதே 61 நாளில்தான் படகைப் பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரிப்பார்கள், வலை பின்னுவார்கள். பெயின்ட், கயிறு, ஸ்பேர் பார்ட்ஸ் விற்பவருக்கு அது சீசன். அவர் "ஜூன் 14 ராத்திரிக்குள் படகு ரெடியாகணுமா?" என்று எழுதினால் வேறெதுவும் எழுத வேண்டாம். மீன் ஏல நேரம் விடியற்காலை என்பதால் அங்கே காலை 7 மணிக்கு யாரும் நோட்டீஸ் படிக்க மாட்டார்கள். வேலை முடிந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, மாலையில் கொடுங்கள்.

அடுத்து, மொழி. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. வெளியிலிருந்து வரும் விளம்பரக்காரர்கள் வடசென்னை என்றதும் "இன்னா நைனா, வாம்மே" என்று எழுதிவிடுகிறார்கள். சினிமாவில் கேட்டதை எழுதுகிறார்கள். வீட்டில் அப்படிப் பேசுகிறவருக்கும், அதை அச்சில் பார்த்தால் தன்னைக் கிண்டல் செய்வதாகத்தான் தோன்றும். வாக்கியம் மரியாதையான எளிய தமிழில் இருக்கட்டும், பெயர்ச்சொல் மட்டும் தெருவிலிருந்து வரட்டும். "காலை 6 மணிக்கே சூடான நாஷ்டா கிடைக்கும்" என்றால் சரி. "காலைச் சிற்றுண்டி" என்றால் அரசாங்க நோட்டீஸ். "சோக்கா நாஷ்டா துன்னு நைனா" என்றால் அவமரியாதை. சௌகார்பேட்டைப் பக்கம் போகிறதென்றால் பின்பக்கத்தில் இந்தியிலும் தெலுங்கிலும் இரண்டு வரி போடுங்கள். அதைத் தாய்மொழிக்காரரிடம் படித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

விலாசமும் அப்படியே. கதவு எண், பழைய எண், புதிய எண் என்று மூன்று வரி போடுவார்கள், கடை கிடைக்காது. தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டர் 2020-ல் மூடிய பிறகும் ஆட்டோக்காரரிடம் சொல்லும் அடையாளம் அதுதான். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம் என்பது கடைப் பெயரைவிட முக்கியம். கேட் மூடியிருக்கும்போது தாண்டி வர யாருக்கும் மனசு வராது.

செய்தி எதில் போகிறது என்பதும் வார்த்தையை மாற்றும். எஸ்எம்எஸ்ஸில் தமிழுக்கு 70 இடம்தான், ஆங்கிலத்துக்கு 160. அந்த 70-ம் எழுத்துக் கணக்கு அல்ல. "ரவிக்கை" பார்க்க நாலு எழுத்து, ஆனால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டு ஏழு இடம் பிடிக்கும். 70-ஐத் தாண்டினால் செய்தி 67, 67 என்று உடைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் காசு. போதாததற்கு, வியாபார எஸ்எம்எஸ்ஸுக்கு அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் டி.எல்.டி. என்ற டெலிகாம் பதிவுத் தளத்தில் முன்பே பதிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு சொல்லை மாற்றினால் செய்தி போகாமல் நின்றுவிடும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு லிஸ்டுக்கு 256 பேர். உங்கள் நம்பரைத் தன் போனில் சேவ் செய்தவருக்கு மட்டுமே அது போகும். 250 பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் இதுதான். ரசீது எழுதும்போதே "நம்பரை சேவ் பண்ணிட்டு, 'தையல்'னு ஒரு மெசேஜ் போடுங்க, ரவிக்கை ரெடியானதும் சொல்றோம்" என்று கேளுங்கள். காரணம் சொன்னால் செய்வார்கள்.

ஷேர் ஆட்டோ முதுகில் எழுதுவதாக இருந்தால் ஐந்தாறு சொல், ஒரு போன் நம்பர், அவ்வளவே. 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 30 அடி பின்னால் பைக்கில் வருகிறவர் படிக்க மூன்று அங்குலம் வேண்டும்.

இரண்டு தலைப்பில் எது எடுபடும் என்று சந்தேகம் வந்தால் சண்டை போடாமல் சோதித்துவிடலாம். தலைப்பை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றிலும் 500 அடியுங்கள். ஒன்றின் மூலையில் சின்னப் புள்ளி, மற்றதில் நட்சத்திரம். "நோட்டீஸைக் கொண்டுவந்தால் ஹூக் இலவசம்" என்று ஏதாவது போட்டால்தான் காகிதம் திரும்பி வரும். ஒரு தெருவுக்கு ஒன்று, அடுத்த தெருவுக்கு மற்றது என்று கொடுத்தால் தலைப்புக்குப் பதில் தெருவைச் சோதித்ததாக ஆகும். ஒரே நாளில், ஒரே தெருவில், வீடு மாற்றி வீடு கொடுக்க வேண்டும். முடிவில் 4-க்கு 6 வந்தால் அதில் ஒன்றும் இல்லை, காற்றடித்த பக்கம். 4-க்கு 16 வந்தால் நம்பலாம்.

மருந்துக் கடை, நாட்டு வைத்தியம் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் "சுகர் போயிடுமா?" என்றுதான் கேட்பார். நோட்டு அப்படித்தான் சொல்லும். அதை அப்படியே "சர்க்கரை நோய் அடியோடு போகும்" என்று அச்சடித்தால் 1954-ஆம் வருட மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டத்தில் சிக்குவீர்கள். எந்தத் தொழிலானாலும் பொய் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம் உண்டு.

அச்சானதும் முதல் பிரதியைக் கடையில் போன் எடுக்கிற பையனிடம் கொடுங்கள். வெட்டும் மேஜைக்கு மேலே ஒன்றை ஒட்டுங்கள். "வியாழக்கிழமை கொடுத்தா அடுத்த வியாழன் தருவீங்களாமே?" என்று முதல் ஆள் கேட்கும்போது, "அப்டியா, எங்க போட்டிருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வரக் கூடாது.