கரண்ட்டால் காந்தத்தைத் திருப்புதல்: ஆய்வக நாட்குறிப்பு

பிப்ரவரி 3

சாம்பிள் வந்துவிட்டது. கோபால்ட், செம்பு, கோபால்ட் என்று அடுக்கிய தூண். விட்டம் சுமார் 100 நானோமீட்டர். கீழே தடித்த கோபால்ட், லேசில் அசையாது. மேலே உள்ள மெல்லியதைத்தான் திருப்ப வேண்டும், காந்தப்புலத்தைத் தொடாமல், கரண்ட்டை மட்டும் வைத்து. 1996இல் ஸ்லோன்செவ்ஸ்கி, பெர்கர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் தனித்தனியே கணக்குப் போட்டுச் சொன்னது. 2000இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதுபோன்ற தூணிலேயே செய்து காட்டினார்கள்.

பிப்ரவரி 5

ஊசிகளை இறக்கி கரண்ட்டை மெல்ல ஏற்றினேன். ஒரு மில்லி ஆம்பியர் என்றால் அற்பமாகத் தெரியும். இந்தத் தூணுக்குள் அது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடி ஆம்பியருக்கும் மேல்!

திரையில் மின்தடை வளைந்து ஏறிக்கொண்டே போய், சட்டென்று ஒரு படி கீழே இறங்கியது. ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இறக்கம். இரண்டு அடுக்கின் காந்தமும் ஒரே திசையில் இருந்தால் மின்தடை குறைவு, எதிரெதிராக இருந்தால் அதிகம். ஆக, இரண்டும் ஒரே திசைக்கு வந்துவிட்டன என்று அர்த்தம். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஸ்பின் என்ற பண்பால் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. தடித்த அடுக்கைக் கடந்த எலக்ட்ரான்களில் அதன் திசை ஸ்பின்தான் மிகுதி. மெல்லிய அடுக்கில் நுழைந்ததும் அதைத் தம் பக்கம் முறுக்குகின்றன. கரண்ட்டை எதிர்ப்பக்கம் விட்டேன். இப்போது தடித்த அடுக்கு எதிர் ஸ்பின்காரர்களைத் திருப்பியனுப்ப, அவர்கள் மெல்லியதை மறுபக்கம் தள்ளுகிறார்கள். படி மேலே ஏறியது.

பிப்ரவரி 6

"சூடாகித்தானே அண்ணா திரும்புது?" என்றான் ஜூனியர். நல்ல கேள்வி. வரைபடத்தையே காட்டினேன். சூட்டால் வரும் வளைவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. படி மட்டும் ஒரு பக்கம் கீழே, மறுபக்கம் மேலே. சூட்டுக்குத் திசை தெரியாது.

இதை எனக்கு மிகப் பிடித்த விதத்தில் பிரித்துக் காட்டியது 2007இல் ஹாம்பர்க்கில் வீசன்டாங்கர் குழு. டங்ஸ்டன் பரப்பில் சுமார் நூறு அணுக்கள் கொண்ட இரும்புத் தீவுகள். வெப்பத்தால் அவற்றின் காந்தத் திசை தானாகவே புரண்டுகொண்டிருக்கும். டனலிங் நுண்ணோக்கியின் (பரப்பைத் தொடாமலே கரண்ட் பாய்ச்சும் கூர் ஊசி கொண்டது) ஊசிமுனையிலிருந்து, ஒரே திசை ஸ்பின் மிகுந்த கரண்ட்டைக் கூட்டினால் புரள்வது வேகமாகும், அது சூடு. அதோடு ஒரு திசையில் மட்டும் கூடுதல் நேரம் தங்கும், அது முறுக்கு.

பிப்ரவரி 11

அடுத்தது, இரண்டு காந்த அடுக்குக்கு நடுவே செம்புக்குப் பதில் மெக்னீசியம் ஆக்சைடு என்ற மின்கடத்தாத் தடுப்பு வைத்த சாம்பிள். 2010இல் தொஹோகு பல்கலைக்கழகத்தில் 40 நானோமீட்டர் விட்டத்தில் 49 மைக்ரோ ஆம்பியருக்கே திருப்பிவிட்டார்கள். மெமரி சிப்புக்கு அந்த அளவுதான் கட்டுப்படியாகும். ஆனால் தடுப்பு ஒரு நானோமீட்டர் அளவுதான். கையிலிருக்கும் நிலைமின்சாரமே ஓட்டை போட்டுவிடும். ஜூனியரிடம் எர்த் பட்டை கட்டாமல் கிட்டே வராதே என்று சொல்லியிருக்கிறேன்.